பிரேக் ரப்பர் தேய்ந்ததால் கிடைத்த சைக்கிள்: நுவரெலியாவில் ஒரு களவும் மீட்பும்

ஏப்ரல் சீசன் நேரத்தில் நுவரெலியா டவுனில் களவு போன ஒரு மவுண்டன் சைக்கிள், சில கிழமை கழித்து கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு திருத்தும் கடைக்கு வேறு நிறத்தில் வந்து சேர்ந்தது. களவெடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. சைக்கிள் மட்டும் உரியவரிடம் திரும்பிவிட்டது. முறைப்பாடு எழுதியதிலிருந்து நீதிமன்றத்தில் சைக்கிளைப் பொறுப்பேற்றது வரை உரிமையாளரோடு கூடப் போனவன் நான். நடந்ததை, அது ஏன் அப்படி நடந்தது என்பதோடு சேர்த்து எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் கடைகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

சைக்கிளும் ஆளும்

உரிமையாளர் ஹாவா எலியப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி. வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வேலைக்குத் தினமும் நடை. 2022 இல் பெற்றோல் வரிசை ஊர் தாண்டி நீண்டு, பஸ்ஸும் ஓட்டோவும் குறைந்துபோன மாதங்களில்தான் அந்த வீட்டுக்கு முதல் சைக்கிள் வந்தது. அதுவரை மலைநாட்டில் சைக்கிள் என்றால் பெரும்பாலும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், இல்லாவிட்டால் கிரகரி வாவியைச் சுற்றிவர உல்லாசப் பயணிகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், யார் படுவது என்று விட்டிருந்தோம். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது அந்த ஜூலையில்தான். அதற்கு முந்திய நாட்களில், டவுனைச் சுற்றியுள்ள சமதரையில் சைக்கிள் வைத்திருந்தவர்தான் ராஜா. விலையும் தாறுமாறாக ஏறியது. வீட்டு இஸ்தோப்பில் சும்மா சாய்த்து வைத்திருந்த சாமான் திடீரென்று களவெடுக்கத் தகுந்த சாமானாக மாறியதும் அப்போதுதான்.

தம்பியின் சைக்கிள் ஜப்பானில் பாவித்துக் கப்பலில் வந்த பழையது. அம்மாவின் சீட்டுக் காசு விழுந்தபோது வாங்கியது. கடையில் கொடுத்த பில்லில் "சைக்கிள் 1" என்றும் ஒரு தொகையும் மட்டும் இருந்தன. நிறம் இல்லை, பிரேம் நம்பர் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. பாவித்த சைக்கிள் விற்கும் இடங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். பலருக்கு அந்தத் துண்டுகூடக் கிடைப்பதில்லை.

ஜப்பான் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் ஜப்பானிய எழுத்தும் சில இலக்கங்களும் கொண்ட சிறிய ஸ்டிக்கர் பல வண்டிகளில் இன்னும் ஒட்டியபடியே இருக்கும். நம்மில் பலர் அதைக் கம்பனி விளம்பரம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது களவுத் தடுப்புப் பதிவு இலக்கம். ஜப்பானில் சைக்கிள் வாங்கும்போதே அதைப் பதிய வேண்டும், 1994 இலிருந்து அது கட்டாயம். ஸ்டிக்கரில் இருப்பது அந்தப் பிரதேசத்துப் பொலிஸின் பெயரும் வண்டிக்குரிய இலக்கமும். அங்கே வீதியில் ஒரு பொலிஸ்காரர் மறித்து இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால், வண்டி யாருடையது என்பது தெரிந்துவிடும். இங்கே வந்த பிறகு அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆனால் இலக்கம் இலக்கம்தானே. இந்த வழக்கில் அது உதவியது, எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

களவு

சீசனில் டவுன் எப்படி இருக்கும் என்று நுவரெலியாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பு வாகனங்கள் நகர இடமில்லாமல் நிற்கும், நடைபாதையெல்லாம் கடை. தம்பி விதைப் பைக்கட் வாங்க வந்தவர், கானுக்கு மேலே போட்ட இரும்புக் கம்பி வேலியில் சைக்கிளைச் சாய்த்து, பின் சில்லையும் பிரேமையும் சேர்த்து வயர் பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கம்பி வேலி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பூட்டை அதில் கோர்க்கவில்லை. பின்னேரம், மப்பு இறங்கித் தூறலும் தொடங்கியதால் கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். வெளியே வந்தபோது வேலி மட்டும் இருந்தது.

எதிர்க்கடைக் கெமராவில் பிறகு பார்த்தோம். இரண்டு பேர் வருகிறார்கள், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பிடித்து, பூட்டோடு அப்படியே தூக்கி ஒரு சின்னப் பட்டா லொறியின் பின்னால் வைக்கிறார்கள். லொறி நகர்கிறது. அவ்வளவுதான். சுற்றிலும் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு சாமானைத் தூக்கி லொறியில் வைப்பதை மரக்கறிச் சந்தைப் பக்கத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்? தூறலில் இலக்கத் தகடு வெள்ளைக் கட்டியாகத்தான் தெரிந்தது.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கடைகளில் தொங்கும் வயர் பூட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய கம்பிகளை முறுக்கி வைத்தது. நல்ல குறடு ஒன்று இருந்தால் இழை இழையாகக் கொஞ்ச நேரத்தில் நறுக்கிவிடலாம். தடித்த சங்கிலியும் நல்ல ஆமைப் பூட்டும் அதைவிட மேல், இரும்புத் தண்டை வளைத்துச் செய்த யூ வடிவப் பூட்டு அதைவிட மேல். ஆனால் இந்தக் களவில் பூட்டின் தரம் ஒரு விஷயமே இல்லை, அதை யாரும் தொடக்கூட இல்லை. அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டாத சைக்கிள் பூட்டாத சைக்கிள்தான். பின் சில்லும் பிரேமும் கம்பியும் மூன்றும் ஒரே வளையத்துக்குள் வர வேண்டும். முன் சில்லை மட்டும் தூணோடு பூட்டினால் சில்லைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். கையால் திறக்கும் நெம்புக்கோல் உள்ள சில்லு என்றால் அதற்கு ஸ்பானர்கூடத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்முடைய டவுன்களில் சைக்கிளைப் பூட்ட இடமே இல்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், வேனுக்குக் காசு வாங்கிக்கொண்டு துண்டு தருகிறார்கள், சைக்கிள்காரர் கானோரம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நிலத்தில் கொங்கிறீட் போட்டு ஊன்றிய நாலு வளைந்த குழாய், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில். இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், ஒரு வெல்டிங் பாஸின் வேலை.

முறைப்பாடு

அன்றே பொலிஸுக்குப் போனோம். முறைப்பாடு எழுதிய உத்தியோகத்தர் பொறுமையானவர். நிறம், வகை, இடம், நேரம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "தம்பி, பிரேம் நம்பர்?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தார். நம்பர் எங்கே இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

"நம்பர் இல்லாம நாளைக்கு ஒரு கறுப்புச் சைக்கிள் இங்க வந்தா, இது உங்கடது எண்டு நான் எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விதான் இந்த வழக்கு முழுவதும். சைக்கிள் களவில் பொருள் கண்ணில் படாமலே போவது ஒரு பாதி. கண்ணில் பட்ட பிறகும் உரியவர் யாரென்று நிரூபிக்க முடியாமல் போவது மறுபாதி.

பிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சு நுழையும் தடித்த குழாயின் அடிப்பக்கத்தில் வெட்டியிருக்கும். சில வண்டிகளில் ஹேண்டிலுக்குக் கீழே முன் குழாயில், சிலவற்றில் சீட்டுக் குழாயில். அடிப்பக்கம் என்பதால் சேறும் கிறீஸும் அப்பி மூடியிருக்கும், துடைத்தால்தான் தெரியும். வீட்டுக்கு வந்து தம்பியின் போனில் இருந்த படங்களையெல்லாம் தேடினோம். எல்லாப் படத்திலும் தம்பிதான் தெரிந்தார், சைக்கிள் ஒரு ஓரம். கடைசியில் தங்கச்சிதான் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தாள். இஸ்தோப்பில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணன் பஞ்சர் ஒட்டுவதை வேடிக்கைக்காக எடுத்தது. தலைகீழாக நிற்கும்போது அடிக்குழாய் மேலே பார்க்கும் அல்லவா? நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கினோம். முதல் எழுத்துகள் சேற்றில் மறைந்திருந்தன, கடைசி ஐந்து இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதே வீடியோவில் இன்னும் இரண்டு விஷயம் கிடைத்தது: சீட்டுக் குழாயில் அந்த ஜப்பான் ஸ்டிக்கர், பின் சில்லில் இரண்டு கம்பி மட்டும் கறுப்பு. கம்பி உடைந்தபோது வெள்ளிக் கம்பி கிடைக்காமல், தம்பி வழக்கமாகச் சைக்கிள் திருத்தக் கொடுக்கும் பாஸ் போட்டது. மறுநாள் போய் முறைப்பாட்டோடு இதையும் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கிக்கொண்டோம்.

தேடல்

கூட்டாளிமார் உடனே பேஸ்புக்கில் போடுவோம் என்று துள்ளினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஊர் முழுக்கப் படம் சுற்றினால் வைத்திருப்பவர் வண்டியைக் கழற்றிவிடுவார், அல்லது கீழ்நாட்டுக்கு ஏற்றிவிடுவார். பிரேம் பழைய இரும்புக்குப் போனால் கதை முடிந்தது. இதில் மாற்றுக் கருத்து உண்டு. பெரிய நகரத்தில், சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்தில், பகிரங்கமாகப் போடுவதுதான் புத்தி. இங்கே நிலைமை வேறு.

மலைநாட்டுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து வெளியே போக முக்கியமாக நாலு வீதி: றம்பொடைப் பக்கமாகக் கண்டிக்கு, நானுஓயா வழியாக ஹட்டனுக்கு, ஹக்கலை வழியாக வெலிமடைக்கும் பதுளைக்கும், கந்தப்பளை இராகலை வழியாக உடப்புசல்லாவைக்கு. ஒவ்வொரு வீதியிலும் சைக்கிள் திருத்துபவர் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அப்புறம் இறக்கம். யாழ்ப்பாணத்தில் பிரேக் ரப்பர் போட்டால் எப்போது போட்டோம் என்றே மறந்துவிடும். இங்கே வளைவுக்கு வளைவு பிடித்துக்கொண்டு இறங்குகிறோம், மழையில் மணலும் சேர்ந்து அரைக்கிறது, ரப்பர் கரைந்து இரும்பு ரிம்மில் உரசும். கியர் வயரும் அப்படித்தான், ஏற்றத்தில் ஓயாமல் மாற்றி மாற்றி இழுபட்டுப் போய்விடும். ஆகவே மலையில் ஓடுகிற சைக்கிள் எதுவானாலும், களவெடுத்ததோ காசு கொடுத்து வாங்கியதோ, சீக்கிரமே ஒரு பாஸின் கைக்கு வந்துதான் ஆக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் களவு போன சைக்கிள் கூட்டத்தில் கரைந்துவிடும். இங்கே கரைய முடியாது.

அதனால் திருத்துபவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பினோம். தம்பியின் பாஸுக்கு மற்ற வீதிகளில் இருந்தவர்களைத் தெரியும், உதிரிப்பாகம் கொண்டுவரும் வேன்காரருக்கு எல்லோரையும் தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே செய்தி, கூடவே பாஸின் குரலில் ஒரு வொய்ஸ். நிறத்தைக் கடைசியில்தான் சொன்னோம், ஏனென்றால் முதலில் மாறுவது நிறம். பின் சில்லில் இரண்டு கறுப்புக் கம்பி, அடிநம்பரின் கடைசி ஐந்து இலக்கம், சீட்டுக் குழாயில் ஸ்டிக்கர். கண்டால் வண்டியைப் பிடித்து வைக்க வேண்டாம், ஆளோடு வாய் கொடுக்க வேண்டாம், போன் மட்டும் எடுங்கள் என்றும் சேர்த்தோம்.

கண்டது

கந்தப்பளைப் பக்கத்துப் பாஸிடம் ஒரு பள்ளிக்கூடப் பையனும் தகப்பனும் நீல நிறச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று. தூரிகையால் பூசிய பெயின்ட், குழாயின் ஓரங்களில் வழிந்து காய்ந்து நின்றது. பாஸ் பின் சில்லைச் சுற்றிவிட்டு ரப்பரைப் பார்த்திருக்கிறார். சில்லு மெதுவாகி நிற்கும்போது இரண்டு கறுப்புக் கம்பி கண்ணில் பட்டது. பிறகு சீட்டுக் குழாயில் விரலை வைத்துத் தடவினார். பெயின்ட்டுக்கு அடியில் சதுரமாக ஒரு விளிம்பு. களவெடுத்தவர் ஸ்டிக்கரை உரிக்கப் பஞ்சிப்பட்டு மேலாலேயே பூசிவிட்டிருக்கிறார்.

பாஸ் செய்ததுதான் இந்த வழக்கிலேயே சிறந்த வேலை என்பேன். எதுவும் சொல்லவில்லை. "இந்த அளவு ரப்பர் கையில இல்லண்ணே, வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வந்து எடுங்க" என்றார். அவர்கள் போன பிறகு வண்டியைத் திருப்பி, அடிக்குழாயில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நம்பரைப் படம் எடுத்து அனுப்பினார். கடைசி ஐந்தும் பொருந்தியது. தம்பி அந்த நேரமே போகத் துடித்தார். போகவில்லை. முறைப்பாட்டு இலக்கத்தோடு பொலிஸுக்குப் போனார், பொலிஸ் போய் எடுத்தது. நாமே போய்ப் பறித்திருந்தால் அடிதடியில் முடிந்திருக்கலாம், நம் மேலேயே ஒரு முறைப்பாடும் விழுந்திருக்கும்.

வாங்கியவர்

தகப்பனார் தோட்டத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் மலிவாக வாங்கியதாகச் சொன்னார். கொழும்பில் இருந்து வந்த யாரோ விட்டுவிட்டுப் போனது என்று விற்றவர் சொன்னாராம். பில் இல்லை, போன் நம்பர் இல்லை. களவுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 394 ஆம் பிரிவின் கீழ் குற்றம். தெரியாமல் வாங்கினால் குற்றம் இல்லை, ஆனால் பொருள் கையில் நிற்காது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பதுதான் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. கொடுத்த காசை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். எந்த விற்றவர்?

பையன் அன்று பொலிஸ் வாசலில் நின்ற நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஏழை வீடுகள், ஒரு சைக்கிள். களவெடுத்தவன் காசோடு போய்விட்டான். தகப்பனார் மேல் வழக்குப் போடவில்லை, வாக்குமூலம் மட்டும் எடுத்தார்கள். ஆனால் அவரிடமும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நல்ல நிலையில் உள்ள கியர் சைக்கிளை, புதிதாகத் தூரிகைப் பெயின்ட் அடித்து, பாதி விலைக்கும் குறைவாக ஒருவர் அவசரமாக விற்கிறார் என்றால் அந்த விலையே ஒரு சாட்சி. ஒரு துண்டுக் கடதாசியில் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிரேம் நம்பர், கையெழுத்து எழுதித் தரச் சொன்னால் போதும். நேர்மையானவர் எழுதித் தருவார். மற்றவருக்கு அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிடும்.

திரும்பக் கிடைத்தது

சைக்கிள் கண்டுபிடித்த அன்றே கைக்கு வரும் என்று தம்பி நினைத்திருந்தார். அப்படி வராது. பொலிஸ் கைப்பற்றிய பொருளைப் பற்றி நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று கட்டளையிடுவது அவர். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உரியவர் யாரென்று தெரியாவிட்டால் அறிவித்தல் போட்டு, 6 மாதத்துக்குள் வந்து உரிமை கோரச் சொல்லலாம். பொலிஸ் நிலைய முற்றங்களில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருப்பார், கையில் நம்பர்தான் இருக்காது.

தம்பியிடம் வீடியோ இருந்தது, ஸ்டிக்கரின் மேல் இருந்த பெயின்ட்டைச் சுரண்டியபோது அதே இலக்கம் வெளியே வந்தது, தம்பியின் பாஸ் வந்து கம்பி நான் போட்டது என்று சொன்னார். தேவைப்படும்போது முன்னிலைப்படுத்துவதாகப் பிணைமுறி எழுதிக் கொடுத்து, சைக்கிளைப் பொறுப்பேற்றார். இடையில் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் நட்டம். ஒப்படைப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்தார்கள், அதனால் வண்டியே நீதிமன்றத்தில் கிடக்கத் தேவைப்படவில்லை.

பிறகு செய்தது

தம்பியின் பாஸ் இப்போது கடையில் ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறார். வேலைக்கு வரும் வண்டியைத் தலைகீழாக்கும்போதே பிரேம் நம்பர், போன் நம்பர், ஏதாவது தனி அடையாளம் என்று ஒரு வரி. செலவு கொப்பிக் காசு மட்டும். விருப்பமானவர்களுக்குப் பெயரும் போன் நம்பரும் எழுதிய துண்டை பொலித்தீனில் சுற்றி ஹேண்டில் குழாய்க்குள் தள்ளி மேலே பிடியைப் போட்டுவிடுகிறார். பிரேமுக்குப் பெயின்ட் அடிப்பவர் ஹேண்டிலுக்குள் பார்ப்பது குறைவு. மற்ற வீதிகளில் இருப்பவர்களிலும் சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

பழைய ஆட்களுக்குச் சைக்கிள் லைசன்ஸ் நினைவிருக்கும். வரியைக் கட்டி வருஷா வருஷம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீதியில் மறிப்பார்கள். இன்றும் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான வரி இருக்கிறது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் சைக்கிளுக்கு 18 ரூபாய், மற்றதுக்கு 4 ரூபாய், யானைக்கு 50 ரூபாய். வர்த்தமானியில் சபைகள் இதை அறிவித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 4 ரூபாய் வாங்கப் போனால் பற்றுச்சீட்டு அடிக்கவே காணாது என்பது சரிதான். ஆனால் காசை விட்டுவிட்டு, அந்த வரிக்குரிய பதிவேட்டை மட்டும் பிரேம் நம்பரோடு திறந்தால், ஜப்பான்காரர் ஸ்டிக்கருக்குப் பின்னால் வைத்திருக்கும் அதே விஷயம் நமக்கும் கிடைக்கும். சபையில் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். நல்ல யோசனை, எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கொப்பியில் எழுத மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நம்பர் பொலிஸுக்குப் போகுமோ, நாளைக்கு வரி கேட்டு வருவார்களோ என்ற பயம். தன் வண்டியே யாரிடம் எப்படி வந்தது என்று தெரியாதவர்களும் அதில் இருக்கலாம். பாஸ் அவர்களை வற்புறுத்துவதில்லை. "எனக்கு வேணாம், ஒங்க போன்ல நீங்களே எடுத்து வச்சுக்குங்க" என்று அடிக்குழாயைத் துடைத்துக் காட்டுகிறார். பாதிப் பேர் எடுக்கிறார்கள்.